பொம்மைகள் நிறைந்த முன்னறை

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் குமுதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறோம். முகம் பார்த்துப் போனில் பேசுகிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடிதம் என்று நீ நினைக்கலாம். பக்கத்து வீட்டு இராஜம்மா டீச்சரின் மகன் லோகன் படிப்புக்காக டப்ளினுக்குப் புறப்படுகிறான், அவனிடம் உனக்கு முறுக்கும் மீன்குழம்புத் தூளும் கொடுத்து அனுப்புகிறோம், அங்கே போய் உன் ஊருக்குத் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பொட்டலத்தில் இதையும் வைக்கிறேன். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் பேரன் ருத்ரன் வந்து பிடுங்கிக்கொள்கிறான், அவன் விட்டால் பேத்தி நிலானி, அவள் விட்டால் உன் அம்மா பக்கத்தில் நின்று அதைச் சொல்லாதீங்க, இதைச் சொல்லாதீங்க என்று கண்ணைக் காட்டுகிறாள். சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடுகிறது. அதனால் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு செய்தி, பதறாமல் படி. அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. போன மாதம் விழுந்துவிட்டாள். எலும்பில் லேசான விரிசல்தான், அறுவை எல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வலியும் இப்போது இல்லை. வீடியோவில் நீ பேசும்போதெல்லாம் அம்மா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாளே, குளிர்கிறதா என்று கூட நீ கேட்டாய், அது கட்டை மறைக்கத்தான். கடல் கடந்து இருக்கிற பிள்ளை, ராத்திரி வேலைக்குப் போகிற நேரத்தில் இதைக் கேட்டால் ஊசி போடுகிற கை நடுங்கும் என்று அவளே கட்டளை போட்டுவிட்டாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்னும் சில நாளில் கட்டைப் பிரித்துவிடுவார்கள், அதற்குள் உனக்குத் தெரிய வேண்டும். எப்படி விழுந்தாள் என்பதும், அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததும் உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் முன்னறை நினைவிருக்கிறதல்லவா, பிள்ளைகள் விளையாடட்டும் என்று நீயே நின்று மஞ்சள் சாயம் அடிக்கச் சொன்னாயே, அந்த அறை. நீ போன புதிதில் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு உன் பார்சல்கள் வர ஆரம்பித்தன. சம்பளம் வந்தால் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, ருத்ரனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் ஒன்று. நான் உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா. நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம், மாப்பிள்ளை ஷா ஆலம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து சோறு ஊட்டிவிடுகிறார், நீ அங்கிருந்து வேறு என்ன செய்ய முடியும், ஒரு பெட்டியில் போட்டு அனுப்பத்தான் முடியும். ஆனால் பெட்டிகள் வந்து வந்து அந்த அறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. கட்டை அடுக்குகிற விளையாட்டுச் சாமானோடு பொம்மையின் செருப்பு, அதோடு புதிர்ப் படத்தின் துண்டுகள், அதற்கு மேல் பேட்டரி போட்டால் அழுகிற கரடி, அது எங்கோ அடியில் கிடந்து தானாக அழும், எங்கே என்று தேடுவதற்குள் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு காலுறை அந்தக் குவியலுக்குள் போய்விட்டால் அன்றைக்கு வீடே இரண்டுபடும். பிள்ளைகளும் விளையாடினார்களா என்றால் இல்லை. ருத்ரன் ஒன்றை எடுப்பான், எறிவான், அடுத்ததை எடுப்பான். எடுத்து வை என்று சொன்னால் எதை எங்கே வைப்பது என்று விழிப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே தெரியாது.

விழுந்த அன்று அம்மா துவைத்த துணியை வாளியில் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்து வந்தாள். அறைக்குள் இருந்த லோரி ஒன்று உருண்டு ஹாலுக்கு வந்திருக்கிறது, நீ அனுப்பிய சிவப்பு லோரிதான். அதன் மேல் கால் வைத்தாள். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது வாளி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இராஜம்மா டீச்சர்தான் காரை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் கிளினிக்கிலிருந்து திரும்பியபோது மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்துவிட்டார். அம்மாவின் கையைப் பார்த்தார். நேரே சமையலறைக்குப் போய்க் குப்பை போடுகிற கறுப்புப் பைகளை எடுத்து வந்து, முன்னறையில் இருந்ததையெல்லாம் கை கையாக அள்ளிப் பைகளில் போட ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் அந்தச் சாமான்களின் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. பைகளை வாசல் போர்ச்சில் கொண்டு போய் வரிசையாகப் போட்டார். நாளைக்குக் குப்பை லோரி வந்தால் போகட்டும் மாமா, என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நிலானியைக் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். அந்தப் பைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. உள்ளே வாடா கண்ணு, சாப்பிடலாம் என்றேன், வர மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மாப்பிள்ளையும் வந்தார். அவர் கூப்பிட்டதும் சொன்னாள், "அப்பா, இதெல்லாம் அம்மா அனுப்பிச்சது. வெளிய போட்டா அம்மாவுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் அம்மா வர மாட்டாங்க." ஏழு வயதுப் பிள்ளை, குரலை உயர்த்தாமல், நமக்குத் தெரியாத ஒன்றை எடுத்துச் சொல்வது மாதிரி சொன்னாள். மாப்பிள்ளை அப்படியே போர்ச் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம், "நான் எத்தன தடவ சொல்லணும்னு நெனச்சிருக்கேன் மாமா, போதும் அனுப்பாதேன்னு. அவளுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான், அதையும் வேணாம்னு நான் எப்படிச் சொல்றது" என்றார். குமுதா, போன மாதம் நீயும் அவரும் போனில் சண்டை போட்டீர்கள், ஒரு ரூமைக் கூட ஒழுங்கா வெச்சிக்க முடியலையா என்று நீ கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. அவர் பதில் சொல்லாமல் போனை வைத்தாரே, அவருக்குப் பதில் இல்லாமல் இல்லை. அவரிடம் இருந்த பதில் இதுதான். அதைச் சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று வைத்துவிட்டார். இதை நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். ஆனால் உனக்குத் தெரியட்டும்.

பைகளை உள்ளே தூக்கி வந்துவிட்டோம். மறுநாள் இராஜம்மா டீச்சர் அம்மாவைப் பார்க்க வந்தார். அவர் பாலர் பள்ளி நடத்தியவர் இல்லையா, பைகளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. உட்கார்ந்து பேசிக்கொண்டே சொன்னார், "அங்கிள், இவ்ளோ சாமான் முன்னால கெடந்தா பெரியவங்களுக்கே தல சுத்தும். கொஞ்சத்த மட்டும் வெளிய வைங்க, மிச்சத்த மேல ஏத்திருங்க. பிள்ளைங்களுக்கு சலிச்சுப் போச்சுன்னா மாத்தி வைங்க. எது எங்கன்னு பிள்ளைங்களே முடிவு பண்ணட்டும் லா, அப்பதான் திருப்பி வைக்கும்." எனக்கும் மாப்பிள்ளைக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த வார விடுமுறையில் வேலையை ஆரம்பித்தோம்.

சொன்னால் சிரிப்பாய், அந்த இரண்டு நாளும் இந்த வீட்டில் ஒரு திருவிழா மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பழைய புத்தக அலமாரியைப் படுக்க வைத்துச் சுவரோடு திருகி முடுக்கினார், ருத்ரன் கை எட்டுகிற உயரம். மேலே ஏற்றுவதற்கு மூடி போட்ட பெட்டிகள் வாங்கி வந்தார். ஹாலில் பாயை விரித்துப் பைகளைக் கொட்டினோம். அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். சக்கரம் இருப்பதெல்லாம் ஒரு பக்கம், முகம் இருப்பதெல்லாம் ஒரு பக்கம் என்று ருத்ரனே ஒரு கணக்குக் கண்டுபிடித்தான். அவன் கணக்குப்படி முகம் வரைந்த ரயில் எங்கே போவது என்று அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிய வழக்கு, கடைசியில் ரயில் பொம்மைகளோடு போய்ச் சேர்ந்தது. உடைந்ததைக் கழித்தோம், துண்டு தொலைந்த புதிரைக் கழித்தோம். அழுகிற கரடியின் பேட்டரியை நானே கழற்றிவிட்டேன், அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

பாயில் உட்கார்ந்து அந்தச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு நம் பழைய பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் நினைவு வந்துவிட்டது. உனக்கு இருந்தது ஒரு பிஸ்கட் தகரம், அவ்வளவுதான். அதற்குள் ஒரு கை இல்லாத பொம்மை, சோடா மூடிகள், கூழாங்கற்கள், சாக்பீஸ் துண்டு. நான் வேலை பார்த்த டிக்கெட் கவுன்டரில் புது மெஷின் வந்து பழைய அட்டை டிக்கெட்டுகள் வீணானபோது ஒரு கட்டு கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன், அன்றிலிருந்து நீதான் ஸ்டேஷன். வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் டிக்கெட் கொடுப்பாய், ஈப்போ போறவங்க முன்னால ஏறுங்க, சிரம்பான் போறவங்க அடுத்த வண்டி என்பாய். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸைச் சுற்றி ஓடுவார்கள். மழை வந்தால் வண்டி தாமதம் என்று அறிவிப்பாய், என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அதே குரலில். வேலை முடிந்து சீருடையோடு நான் வந்தால் எனக்கும் டிக்கெட் வாங்காமல் வீட்டுக்குள் போக அனுமதி கிடையாது. அம்மா உள்ளிருந்து, காப்பி ஆறுது, அவர உள்ள விடுடி என்று கத்துவாள், நீ அசைய மாட்டாய். இருட்டும் நேரத்தில் எல்லாம் தகரத்துக்குள் போய் மூடி விழுந்துவிடும். நாம் அவ்வளவு ஒழுங்கானவர்கள் என்று நான் பெருமை பேச மாட்டேன், அந்த ஒரே அறையில்தான் பாய் விரிக்க வேண்டும், எடுத்து வைக்காவிட்டால் படுக்க இடம் கிடையாது. இப்போது அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. ரயிலில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நம் படி எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று பார்க்கிறேன், பிடிபடவில்லை. நிலானியிடம் இதைச் சொன்னேன். அம்மாவும் சின்னப் பிள்ளையா இருந்தாங்களா தாத்தா என்று கேட்டாள். ஆமாம், கண்டிப்பான ஸ்டேஷன் மாஸ்டர் என்றேன். அன்று முழுவதும் உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள், அம்மா அழுவாங்களா, அம்மா அடி வாங்குவாங்களா, அம்மாவுக்கு யாரு தலை சீவுவாங்க என்று. நீ போன பிறகு அவள் உன்னைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இதற்கு நடுவில் ஒன்று கண்டோம். முன்னறைச் சன்னல் திரைக்குப் பின்னால், சுவரோடு சுவராக, உன் பார்சலில் வந்த சில பெட்டிகள் பிரிக்காமலே இருந்தன. மாப்பிள்ளை பைகளில் அள்ளும்போது கண்ணில் படவில்லை. இதை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். நிலானி முதலில் சொல்லவில்லை. உன் அம்மா பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துத் தலையைத் தடவிய பிறகு சொன்னாள். எல்லாவற்றையும் தாங்களே பிரித்துவிட்டால் நீ வரும்போது உனக்குப் பிரிக்க ஒன்றும் இருக்காதாம். அதனால் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தம்பிக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளை எழுந்து குழாயில் முகம் கழுவப் போனார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாதான் தைரியசாலி, சரி, அப்படின்னா அது அம்மாவோட பங்கு, மேல் தட்டுல வெச்சிரலாம், யாரும் தொடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்படியே வைத்திருக்கிறோம்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். படித்துவிட்டு நீ அழுவாய் என்று தெரியும். ஆனால் பிள்ளை உன்னை மறந்துவிடுவாளோ என்ற பயத்தில்தானே நீ அத்தனை பெட்டி அனுப்பினாய். அவள் மறக்கவில்லை அம்மா. அதனால் இனிமேல் சாமான் அனுப்பாதே, வேண்டாம். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் தூங்கு. சனிக்கிழமை கூப்பிடும்போது அவசரப்படாமல் உட்கார்ந்து பேசு, போனை அவர்கள் முன்னறையில் நிறுத்தி வைத்துவிட்டு விளையாடட்டும், நீ பார்த்துக்கொண்டிரு, பேச்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போன சனிக்கிழமை ருத்ரன் உன்னிடம் ஒவ்வொரு சாமானுக்கும் எது வீடு என்று காட்டினானே, நீ ஏதோ புது விளையாட்டு என்று நினைத்தாய். அது இதுதான். எது எங்கே என்று தட்டுகளில் படம் வரைந்து ஒட்டியது அக்காவின் வேலை. இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் அவர்களே எடுத்து வைக்கிறார்கள். தினமும் என்று பொய் சொல்ல மாட்டேன், கார்ட்டூன் வந்துவிட்டால் கிடந்தது கிடந்தபடி கிடக்கும். ஆனால் வீட்டில் கத்தல் குறைந்திருக்கிறது. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து அந்த அறையில் தரையில் படுத்துக்கொள்கிறார், பிள்ளைகள் அவர் வயிற்றின் மேல் கட்டை அடுக்குகிறார்கள், அது இடியும்போது அவர் சிரிக்கிறார். அவர் சிரித்து நாங்கள் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நீயாக ஒரு நாள் அவரைக் கூப்பிட்டுப் பேசு. சண்டையைப் பற்றிப் பேச வேண்டாம், சாப்பிட்டீங்களா என்று கேள், போதும்.

விசா விஷயம் வருஷக் கடைசிக்குள் முடிந்துவிடும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். சந்தோஷம். பிள்ளைகளும் அவரும் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டால் எங்கள் கடமை முடிந்தது, நாங்கள் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிவிடுவோம், அங்கே மார்க்கெட்டும் கோயிலும் நடக்கிற தூரம். எங்களைப் பற்றி யோசிக்காதே. செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், அம்மா முன்னறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அறை அவ்வளவு சுத்தம், தரை பளபளவென்று இருக்கிறது, எல்லாம் அதனதன் இடத்தில். இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்றேன். அவள், "என்னங்க, இப்படிப் பாத்தா அவங்க கெளம்பிப் போய்ட்ட மாதிரி இருக்கு" என்றாள். பிறகு எழுந்து, நல்ல கையால் கட்டைகள் இருந்த கூடையை இழுத்துப் பாயில் பாதியைக் கவிழ்த்தாள். இரண்டு காரை எடுத்து அங்கொன்று இங்கொன்றாக விட்டாள். பள்ளி விட்டு வந்தால் பிள்ளைகள் எடுத்து வைக்கட்டும், அது வரைக்கும் கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டாள். நானும் எடுத்து வைக்கவில்லை. மத்தியானம் வரை அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் ஓரமாகப் பார்த்துக் கால் வைத்து நடந்தேன்.

பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்த பிறகு, வீடெல்லாம் கலைந்து கிடக்கிறது அப்பா என்று நீ போனில் அலுத்துக்கொள்வாய். தாராளமாக அலுத்துக்கொள். எங்களுக்குக் கேட்க ஆசையாக இருக்கும்.

பாசார் பையோடு அம்மா வருகிற சத்தம் கேட்கிறது, முடித்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றோடு ராத்திரி வேலைக்குப் போகாதே. குழம்புத் தூள் காரம் அதிகம், ஒரு கரண்டிக்கு மேல் போடாதே. கை விஷயம் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அம்மாவைத் துண்டை எடுத்துவிட்டு உட்காரச் சொல், அவளே சொல்லிவிடுவாள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் வாழ முருகன் துணை இருப்பான்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா,
கார்த்திகேசு